கழற்றி வைப்பவர்

எல்லாரும் பொத்தானை அமுக்கித்தான் அந்த எஞ்சினைக் கிளப்புவார்கள். அவர் மட்டும் குழாயைத் திறப்பார்.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூற்பாலையின் பின்பக்கம், பஞ்சு குடோனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு பம்ப் ரூம் உண்டு. தீப்பிடித்தால் மில் முழுக்கப் போகிற குழாய்களுக்குத் தண்ணீர் தள்ள அங்கே ஒரு கரண்ட் மோட்டார் இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு டீசல் எஞ்சின். எஞ்சினுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டி. அதுதான் கன்ட்ரோலர். குழாயில் எந்நேரமும் ஏழு கிலோ பிரஷர் நிற்கும். யாராவது எங்கேயாவது தீக்குழாயைத் திறந்தால் பிரஷர் இறங்கும். அந்த இறக்கம் ஒரு மெல்லிய பைப் வழியாகப் பெட்டிக்குத் தெரியும். பெட்டி தானாகவே பேட்டரியை இழுத்து எஞ்சினைக் கிளப்பும். முதல் பேட்டரியில் கிளம்பாவிட்டால் இரண்டாவது பேட்டரி. அப்படி மாற்றி மாற்றி ஆறு தரம் பார்க்கும். ஆறிலும் ஆகவில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு, மணியடித்து, இனி உங்கள் பாடு என்று விட்டுவிடும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியின் முகத்தில் பச்சைப் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் கிளம்பும். அரைமணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு, நோட்டில் ‘ஓகே’ எழுதினால் வேலை முடிந்தது. அவர் அந்தப் பொத்தானைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மெல்லிய பைப்பின் அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதைத் திறந்து தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முள் இறங்கும். ஐந்தைத் தொட்டதும் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம். அந்த ‘டக்’ வரும்வரை அவர் மூச்சு விடுவாரா என்று எனக்குச் சந்தேகம்.

“பொத்தான அமுக்குனா நாம கிளப்புதோம் அண்ணாச்சி. தீப்பிடிக்கயில நாம இங்க இருப்பமோ, டீக்கடையில இருப்பமோ? அதுவா முழிக்குதான்னுல்ல பாக்கணும்” என்பார்.

அவரும் என்னை அண்ணாச்சி என்பார், நானும் அவரை அண்ணாச்சி என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து, நூல் பகுதியிலிருந்து பம்ப் ரூமுக்கு மாற்றப்பட்டேன். அவர் எனக்கு ஒரு வருஷம் முன்னால் அங்கே வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். வாரம் மாற்றி ஒருவர் காலை ஷிப்டு, மற்றவர் மதிய ஷிப்டு.

ஒருமுறை இன்சூரன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். எலக்ட்ரிக்கல் போர்மேன் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பச்சைப் பொத்தானை அமுக்கி ஓட்டிக் காட்டினார். அவர்களும் தலையாட்டிவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். அதுவரை ஓரமாக நின்ற அவர், “சார், ரெண்டு பேட்டரில எதக் கழட்டட்டும்?” என்று கேட்டார். வந்தவர்களுக்குப் புரியவில்லை. போர்மேனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. இவர் ஒரு பேட்டரியின் வயரைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, சின்னக் குழாயைத் திறந்தார். பெட்டி முதலில் கழற்றிய பேட்டரியைத் தேடி ஏமாந்து, செத்த நேரம் சும்மா இருந்து, அடுத்ததை இழுத்தது. எஞ்சின் கிளம்பியது. இன்சூரன்ஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் போர்மேன் திரும்பினார். “ஏலே, கிளம்பாமப் போயிருந்தா என் மானம் என்னாகும்?”

“கிளம்பலன்னா இன்னைக்கே தெரிஞ்சிருக்கும்லா சார்.”

“ஒனக்கு எதுவும் ஒழுங்கா இருந்தாப் பிடிக்காதோ?”

“ஒழுங்கா இருக்கான்னுதான் சார் பாக்குதேன்.”

போர்மேன் கேட்டது தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். நன்றாக இருக்கிற ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய குணம். அதை அவர் என்னிடமும் செய்தார்.

அவர் காலை ஷிப்டு முடித்து, இரண்டு மணிக்கு நான் உள்ளே நுழைகிற வாரங்களில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்திருப்பார். பேட்டரி முனைக்கும் வயருக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம். பாதி மூடிய டீசல் வால்வு. பெட்டியில் ‘ஆட்டோ’வில் நிற்க வேண்டிய சுவிட்ச் ஒரு நூல் தள்ளி ‘ஆஃப்’ பக்கம். அல்லது ஒன்றுமே செய்திருக்க மாட்டார், அதுதான் மோசம். வாசல்படியில் உட்கார்ந்து, பேப்பர் பொட்டலத்தில் கடலையைத் தின்றுகொண்டு என்னைப் பார்ப்பார். நான் கண்டுபிடிக்கிறவரை பஸ்ஸுக்குப் போகமாட்டார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கெடுத்ததைக் கெடுத்தபடி விட்டுவிட்டு அவர் ஒருநாளும் கேட்டைத் தாண்டியதில்லை.

பூட்டிய பூட்டை மூன்றுமுறை இழுத்துப் பார்க்கிறவன் நான். படுத்த பிறகு எழுந்து போய் அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவன். என்னிடம் போய் இந்த விளையாட்டு. ஒருநாள் முக்கால் மணி நேரம் தேடினேன். வேட்டியெல்லாம் ஆயில். கடைசியில் அவரே எழுந்துவந்து, ஒரு விளக்கின் பல்பைக் கால் சுற்றுத் திருகினார். அது எரிந்தது.

“ரெண்டு பஸ்ஸு போச்சு அண்ணாச்சி” என்றார். “இது எரியலன்னா பேட்டரி செத்தது ஒங்களுக்குத் தெரியாதுல்லா?”

“இப்படிப் பண்ணுனா நான் செத்துருவேன். அதுக்கு ஒரு விளக்கு மாட்டி வைங்க.”

சிரித்தார். சிரித்துக்கொண்டே சின்னக் குழாயைத் திறந்தார். எதில் கைவைத்தாலும், பல்பே ஆனாலும், கடைசியில் எஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அவர் கை துடைக்கமாட்டார். மூன்றாவது பஸ்ஸும் போயிற்று.

ஆயுத பூஜைக்கு மில் முழுக்கக் கரண்ட் மெயினை இறக்கிவிட்டு, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். பம்ப் ரூமில் மட்டும் அவர் சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து எடுக்கவிடமாட்டார். எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், மாலையை எஞ்சின் விசிறி இழுத்துக்கொள்ளும், பூசாரியின் வேட்டியையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எஞ்சினைச் சுற்றிக் கயிறு கட்டினார். மாலை சுவரில் ஆணியில் தொங்கியது. பூசாரி கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டிச் சூடம் காட்டினார். காட்டும்போதே கண் எஞ்சின்மேல்தான்.

“இப்ப முழிக்குமாய்யா இது?”

“எப்பவும் முழிக்கும் சாமி. முழிக்கணும்னுதான பூசையே.”

“பயந்துக்கிட்டுப் பூசை பண்ணுதது இங்கதான்” என்று சொல்லிவிட்டுப் பூசாரி பொரியை வாங்கிக்கொண்டு அவசரமாக வெளியே போனார். போர்மேன் என்னிடம், “கிறுக்குப்பய” என்றார். நான் பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன், அவருக்குக் காய்ச்சல் என்று. அவருடைய வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்துவிட்டு, “மில்லுலயும் இப்படித்தானா?” என்று கேட்டார். “உப்பு டப்பாவுல சீனியப் போட்டு வச்சிட்டு, நான் பாத்துப் போடுதேனான்னு பாத்தாக. அன்னைக்கு அந்தச் சாம்பார அவிய தலையில ஊத்தியிருக்கணும்.”

கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. “பாக்காமத்தான போட்ட?”

“உப்பு டப்பாவுல உப்பு இருக்கும்னு நம்பிப் போட்டேன். குடும்பம்னா அதான்.”

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் வாயை ஒருவர் அடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்டு. ஒரு திங்கட்கிழமை எஞ்சினைத் துடைக்கும்போது, ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகிற சின்னச் செம்புப் பைப்பின் நட்டில் கடுகளவு ஆயில் கசிந்திருந்தது. துடைத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் மறுபடி கடுகளவு. கடுகளவு ஆயிலால் ஒன்றும் ஆகாது. ஆனால் எனக்கு அது மனத்துக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது. போன மாதம்தான் போர்மேன், “கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? தொட்டதுக்கெல்லாம் முறுக்குத, ஓட்டுத” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருந்தார். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிடைத்த நீளமான ஸ்க்ரூ ஸ்பேனரால் அந்த நட்டை ஒரு முறுக்கு முறுக்கினேன். போதவில்லை என்று இன்னும் ஒரு முறுக்கு. கடைசியில் ஏதோ மெல்ல இடம் கொடுத்தது போல இருந்தது. நட்டு உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டினால் சத்தம் கேட்டுப் போர்மேன் வருவார். இரண்டு மணிக்கு ஷிப்டு மாற அவர் வந்தபோது அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆயில் சொட்டுக்குப் பயந்து முறுக்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு மணி. நான் நோட்டை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ‘டக்’ என்றது. எஞ்சின் கிளம்பியது.

நான் அவரைப் பார்த்தேன். இதுவும் இவர் வேலைதான் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சின்னக் குழாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

“குழாய் மூடித்தான இருக்கு” என்றார். குரல் வேறுமாதிரி இருந்தது.

வெளியே வந்தால் பஞ்சு குடோனின் ஜன்னலில் புகை. எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. எலக்ட்ரீசியன் மில் முழுக்க மெயினை இறக்கிவிட்டான், அதனால் கரண்ட் மோட்டார் கிடையாது. எல்லாம் இந்த எஞ்சின் தலையில். ஷிப்டு மாறுகிற நேரமாகையால் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பதினைந்து பேர் துணிக்குழாயைப் பிடித்துக்கொண்டு பஞ்சு பேல் மூட்டைகளுக்கு நடுவில் நுழைந்துவிட்டார்கள். பஞ்சு எரிகிற இடத்தில் தண்ணீர்தான் வழி. தண்ணீர் நின்றால் திரும்பி வர வழியில்லை.

அரைமணிக்குமேல் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு பெட்டியில் மணி அடித்தது. ஆயில் பிரஷர் விளக்கு. பார்த்தால் செம்புப் பைப் நட்டை விட்டு வெளியே வந்து ஆடிக்கொண்டிருக்கிறது, சுவரெல்லாம் ஆயில் அடிக்கிறது.

தீ நேரத்தில் அந்தப் பெட்டி எஞ்சினை நிறுத்தாது. ஆயில் போனாலும் சரி, கொதித்தாலும் சரி, விளக்கைப் போடும், மணியடிக்கும், அவ்வளவுதான். கட்டடம் பிழைத்தால் போதும், எஞ்சின் சாகட்டும் என்று அதைச் செய்தவனே முடிவு செய்துவிட்டான். ஆனால் எஞ்சின் பழகிய கை அப்படி நினைக்காது. ஆயில் போனால் நிறுத்து என்றுதான் எல்லாருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். என் கை நிறுத்துகிற கம்பிமேல் போய்விட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆயில் போச்சு அண்ணாச்சி! எஞ்சின் சிக்கிரும்!”

“சிக்கட்டும்.”

“மாத்து எஞ்சின் கிடையாது!”

“உள்ள பதினஞ்சு பேரு இருக்கான். அவனுக்கு மாத்து இருக்கா? கைய எடுங்க.”

எடுத்தேன். அவர் பழைய துணியைப் பைப்பில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுடுஆயில் அவர் விரலிடுக்கில் வழிந்தது. நான் ஆயில் டின்னை எடுத்து ஊற்றினேன். ஒரு டின். இன்னொரு டின். அதற்குமேல் டின் இல்லை. எஞ்சின் சத்தம் மாறியது, கல்லை அரைப்பதுபோல. அப்படியும் பத்து நிமிஷம் ஓடியது. அதற்குள் தீயணைப்பு வண்டி வந்து, தொட்டியிலிருந்து நேராகத் தண்ணீர் எடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்தான் என்று யாரோ கத்தியபோது எஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. திரும்ப ஓடவே இல்லை.

இரண்டு வரிசை பேல் போயிற்று. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அவர் இரண்டு கையிலும் கட்டு.

மூன்றாம் நாள் மேனேஜர் ரூமில் விசாரணை. போர்மேன் சொன்னார்: “நட்டுலருந்து பைப் வெளிய வந்திருக்கு சார். தானா எப்படி வரும்? வாரா வாரம் எதையாவது கழட்டி வச்சு விளையாடுதவன் இவன். கழட்டியிருக்கான், மாட்ட மறந்திருக்கான்.”

நான் பைப்பின் நுனியைப் பார்த்திருந்தேன். அதன் விரிந்த விளிம்பு வட்டமாக அறுபட்டிருந்தது. தளர்த்திய நட்டு அப்படி அறுக்காது. அளவுக்குமேல் இறுக்கிய நட்டுதான் அறுக்கும். போர்மேன் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

மேனேஜர் என்னிடம் கேட்டார். “இவரு இந்த மாதிரி கழட்டி வைக்கறது உண்டா, இல்லையா?”

“உண்டு சார்” என்றேன்.

கேட்டது அவ்வளவுதான். நான் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், திரும்ப நூல் பகுதிக்குப் போட்டால் இளைப்பு தாங்காது என்றெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு நினைத்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் நிமிர்ந்து, “நான் கழட்டி வச்சா மாட்டாமப் போகமாட்டேன் சார்” என்றார்.

“அன்னைக்கு மாட்டினீங்களா? நிச்சயமா?”

அவர் யோசித்தார். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. யாரானாலும் நிச்சயம் என்று உடனே சொல்லியிருப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாரத்தில் தொட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக மனத்தில் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

“மாட்டியிருப்பேன் சார்” என்றார்.

யூனியன் இருந்ததால் வேலையை விட்டுத் தூக்கவில்லை. கழிவுப் பஞ்சுப் பகுதிக்கு மாற்றினார்கள். நாலு மாதம் வந்தார். பிறகு அவரே நின்றுவிட்டார். பம்ப் ரூமுக்குப் புது எஞ்சின் வந்தது. போர்மேன் சொன்னபடி சனிக்கிழமைதோறும் நான் பச்சைப் பொத்தானை அமுக்கி, ‘ஓகே’ எழுதினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவப் போனவன், தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர் பக்கத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கை விரல்களில் தழும்பு வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, வாங்க, இளைப்பு எப்படி இருக்கு?” என்றார். உண்மையான சந்தோஷம்தான்.

பேச வேண்டுமே என்று, “வாரம் ஓட்டிப் பாக்குறதுண்டா?” என்றேன்.

“கரண்ட் போனா ஓடப்போகுது. எதுக்கு நோண்டிக்கிட்டு? எங் கைய நான் நம்புததில்ல அண்ணாச்சி. கழட்டுனா மாட்ட மறந்துருதேன்னுதான் அன்னைக்கே தெரிஞ்சு போச்சே. பதினஞ்சு உசுரு.”

நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் செய்யாத தப்புக்கு வேலையை விட நேர்ந்தது என்று அவருக்கு என்மேல் கோபம் இருக்கும் என்பது. அவர் செய்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

“நீங்க கழட்டல. நான் முறுக்குனேன்” என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

“எப்ப?”

“மொத நாளு. காலை ஷிப்டுல.”

“எதக் கொண்டு?”

“ஸ்க்ரூ ஸ்பேனர்.”

“எம்புட்டு?”

கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஓட்டிப் பாக்கலியா?”

“இல்ல. போர்மேன் சத்தம் போடுவாருன்னு.”

மேனேஜர் ரூமில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் எட்டு வருஷமாகப் பதில் தேடி வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

“பந்தி போட்டாச்சு. போய் உக்காருங்க” என்றார். அண்ணாச்சி என்று சேர்க்கவில்லை.

போய் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வாளி என் பக்கம் வந்தபோது மின்விசிறிகள் எல்லாம் நின்றன. மைக் செத்தது. “கரண்டுக்காரனுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுதாக்கும்” என்று பக்கத்து இலைக்காரர் திட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச்சாரி டீக்கடையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஜெனரேட்டர் ஒருமுறை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக் கிளம்பியது. விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. பெண் வீட்டுக்காரர் ஒருவர், “ஏய், யாருப்பா மெயின இறக்குனது?” என்று கத்திக்கொண்டே கொட்டகைப் பக்கம் ஓடினார்.

அந்த ஆள் போய்ச் சேர்வதற்குள் விசிறிகள் இரண்டாவது முறையும் நின்றன.